"கட்டலைன்னா..." என்று வரும் வசூல் போன்: காரணம் எது, மிரட்டல் எது என்று பிரிக்கும் வழி

கடன் முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது "இன்னும் பாக்கி இருக்கு" என்று போன் வருகிறதா? எதற்கான பாக்கி என்று கேட்டால் அதற்குப் பதில் வராமல் வேறு என்னவோ வருகிறதா? அப்படியானால் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஸ்கூட்டருக்கு இரண்டு வருடக் கடன் வாங்கி 24 தவணையும் கட்டி முடித்தேன். கடைசித் தவணை போய் மூன்றாவது வாரம், இரவு 8:40-க்கு ஒரு போன். தோசைக்கல் அடுப்பில் இருந்தது; ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். அம்மா பக்கத்தில் நின்றார்.

"மேடம், உங்க லோன்ல 9,200 பெண்டிங் இருக்கு."

"எதுக்குங்க? எல்லாத் தவணையும் போயிருச்சே."

"சிஸ்டத்துல காட்டுது மேடம். இன்னைக்கே கட்டிருங்க."

"எதுக்குன்னு சொல்லுங்க, கட்டறேன்."

"கட்டலைன்னா நாளைக்குப் பசங்க வீட்டுக்கு வருவாங்க மேடம். தெருவுல நாலு பேரு பாக்கற மாதிரி ஆயிரும். சிபிலும் போயிரும். அப்புறம் எங்க போனாலும் லோன் கிடைக்காது."

நான் கேட்டது "எதுக்கு". அவர் சொன்னது "கட்டலைன்னா". என் கேள்வி பதிலே இல்லாமல் அப்படியே நின்றது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. தெருவில் நாலு பேர் என்றதும் அம்மாவின் முகம் மாறியதைத்தான் பார்த்தேன். அவர் கொடுத்த நம்பருக்கு ஜிபேயில் 2,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். தினமும் ரசீதும் வவுச்சருமாகப் பார்க்கிறவள், ஒரு ரசீது கேட்கவில்லை. அதைச் சரிசெய்ய நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. பேசியதை இரண்டு பத்தியாக எழுதுங்கள்

போனை வைத்ததும் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம், பணம் ஏன் தர வேண்டும் என்பதற்கு அவர் சொன்னவை. வலது பக்கம், தராவிட்டால் உங்களுக்கு என்ன ஆகும் என்று அவர் சொன்னவை. நினைவிருக்கும்போதே, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள். தேதி, நேரம், நம்பர், அவர் சொன்ன பெயர் எல்லாம் மேலே இருக்கட்டும்.

பிறகு வலது பக்கத்தைக் கையால் மூடிவிட்டு இடது பக்கத்தை மட்டும் படியுங்கள். என் தாளில் மிஞ்சியது இரண்டே வரி: "9,200 பெண்டிங். சிஸ்டத்துல காட்டுது." எந்த மாதம், என்ன கட்டணம், ஒப்பந்தத்தில் எந்த இடம் என்று ஒன்றுமே இல்லை. வலது பக்கம் மட்டும் தாள் நிரம்பியிருந்தது.

மிரட்டல் காரணத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்கு ஆள் வருவார்களா, சிபில் என்ற கடன் மதிப்பெண் போகுமா என்பதெல்லாம் உங்களுக்கு நேரப்போவதைப் பற்றிய பேச்சு. அதெல்லாம் நிஜமாகவே நடந்தாலும், 9,200 என்ற தொகை சரியா என்ற கேள்வி அதனால் தீராது.

இன்னொரு அடையாளம், தொகை மாறிக்கொண்டே இருப்பது. முதல் ஆள் 9,200 என்றார். நான்கு நாள் கழித்து வேறொருவர் 7,500 போதும் என்றார். அடுத்த வாரம் மூன்றாமவர், "மேலிடத்துல பேசி உங்களுக்காக ஆறாயிரத்துக்கு செட்டில்மென்ட் வாங்கித் தர்றேன்" என்றார். கணக்கிலிருந்து வரும் தொகை பேரம் பேசினால் இறங்காது. பயத்தை அளந்து பார்த்துச் சொல்லும் தொகைதான் அப்படி இறங்கும். ஒவ்வொரு போனிலும் சொன்ன தொகையைக் குறித்து வைத்ததுதான் பிற்பாடு என் புகாருக்குப் பெரிய பலம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மிரட்டுகிறார்கள் என்பதாலேயே பாக்கி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். மிரட்டலால் பாக்கி உண்டென்றும் ஆகாது, இல்லையென்றும் ஆகாது. என் விஷயத்தில் ஒரு சிறு தொகை நிஜமாகவே பாக்கி இருந்தது.

2. எது நடக்கக்கூடியது, எது வெறும் பேச்சு

வலது பக்கத்தில் எழுதியதை இப்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். "அதெல்லாம் சும்மா, ஒண்ணும் பண்ண முடியாது" என்று தெரிந்தவர்கள் தைரியம் சொல்வார்கள். அதை நம்பியும் ஏமாறாதீர்கள், சிலது நிஜம்.

"ஜெயிலுக்குப் போவீங்க." கடனைக் கட்ட முடியாமல் போவது அதனளவில் சிவில் விவகாரம். ஆனால் நீங்கள் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவு உண்டு. இரண்டு வருடம் வரை சிறையோ, செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இ.சி.எஸ்., நாச் என்று பேங்கிலிருந்து தானாகப் போகும் தவணை பணமில்லாமல் திரும்பினாலும் 2007-ஆம் ஆண்டுப் பணப்பட்டுவாடாச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அதே போன்றதுதான். பலருக்கு இது தெரியாது. அதற்காக போன் செய்த மறுநாள் யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை. செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். அது கைக்கு வந்தபின் பணம் கட்ட உங்களுக்கு 15 நாள் உண்டு. அதன் பிறகுதான் வழக்கு. ஆகவே நோட்டீஸ் வந்தால் அலட்சியம் செய்யாமல் அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.

"போலீஸ் கிளம்பிடுச்சு, வாரண்ட் வாட்ஸப்ல அனுப்பியிருக்கேன்." இது வெறும் பேச்சு. வாரண்ட் என்பது கோர்ட் பிறப்பித்து போலீஸ் நேரில் நிறைவேற்றுவது. வசூல் ஆளின் வாட்ஸப்பில் வராது. வழக்கு எண் ஏதாவது சொன்னால் இ-கோர்ட்ஸ் தளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். வீடியோ காலில் யூனிஃபார்ம் போட்டவர் வந்து "டிஜிட்டல் அரஸ்ட்" என்றால் அது அப்பட்டமான மோசடி. அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

"சிபில் போயிரும்." பாக்கி நிஜமென்றால் இதுவும் நிஜம். பாக்கி தவறென்றால் திருத்த வழி இருக்கிறது. ஏழாவது படியில் சொல்கிறேன்.

"வண்டியைத் தூக்கிருவோம்." வாகனக் கடன் ஒப்பந்தங்களில் இதற்கு ஷரத்து இருக்கும். ஆனால் நோட்டீஸ் இல்லாமல் ரோட்டில் மடக்கிச் சாவியைப் பிடுங்குவது வழிமுறை ஆகாது. ஆட்களை வைத்து அடாவடியாக வண்டியைப் பறிப்பதை உச்ச நீதிமன்றம் 2007-லேயே கடுமையாகக் கண்டித்திருக்கிறது.

"லோக் அதாலத்துல பேர் வந்திருக்கு." இந்தக் கடிதம் சில சமயம் உண்மையாகவே வரும். பார்த்ததும் பலர் நடுங்கிப்போகிறார்கள். லோக் அதாலத் என்பது இரு தரப்பும் சம்மதித்தால் மட்டும் முடிக்கிற சமரசம். போகாவிட்டால் கைது கிடையாது. கணக்கு சரியாக இருந்தால் அது நல்ல இடமும்கூட.

"வீட்டுக்கு வருவோம், சொந்தக்காரங்களுக்குச் சொல்வோம்." வசூலுக்கு ஆள் வரலாம். மானத்தை வாங்க வரக்கூடாது. ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் பாக்கிக்காக போன் செய்யக்கூடாது, குடும்பத்தார், நண்பர்கள், ரெஃபரன்ஸ் கொடுத்தவர்கள் இவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது, பொதுவில் அவமானப்படுத்தக்கூடாது. குழுக்கடன் உள்ளிட்ட மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு நேரம் இன்னும் குறைவு, காலை 9 முதல் மாலை 6 வரைதான். எனக்கு வந்த முதல் போனே 8:40-க்கு. அன்று இது தெரிந்திருந்தால் அந்த ஒரு வாக்கியத்தோடு போனை வைத்திருப்பேன்.

இதெல்லாம் ரிசர்வ் வங்கியின் கீழ் வரும் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும். தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி என்றால் வழியே வேறு. தமிழ்நாட்டில் அதற்கென்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, போலீஸிடமோ கலெக்டர் அலுவலகத்திலோ புகார் கொடுக்க வேண்டும்.

3. போனில் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்

வாதாடாதீர்கள். போன் பேச்சில் அவர்களுக்குப் பழக்கம் அதிகம், நமக்குப் பயம் அதிகம். நான் ஒரு வாக்கியத்தை எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவைத்தேன்:

"எந்தத் தேதியில, என்ன கட்டணம், எவ்வளவுன்னு கம்பெனி மெயில்ல இருந்து எழுத்துல அனுப்புங்க. பார்த்துட்டுப் பதில் சொல்றேன்."

அவர் எது சொன்னாலும் இதையே திரும்பச் சொல்லுங்கள். குரல் உயர்த்த வேண்டாம். மூன்று முறை சொன்னபின் வைத்துவிடுங்கள். உண்மையில் கணக்கு கையில் இருப்பவருக்கு அதை அனுப்புவது ஐந்து நிமிட வேலை.

இந்தக் கட்டத்தில் மூன்று பொறிகள்.

ஒன்று, நான் விழுந்தது: தனி ஆளின் ஜிபே, போன்பே நம்பருக்குப் பணம் அனுப்புவது. கட்டவேண்டியிருந்தாலும் கம்பெனியின் ஆப், அதிகாரபூர்வ லிங்க், கிளை, இவை தவிர வேறெங்கும் கட்டாதீர்கள். நான் அனுப்பிய 2,000 கம்பெனிக் கணக்கில் ஏறவே இல்லை.

இரண்டு, வாயைக் கட்ட "ஒரு ஐநூறு" கொடுப்பது. பயந்து கொஞ்சம் கொடுத்தால் அடுத்த போன் சீக்கிரம் வரும். போதாததற்கு, பாக்கியை நீங்களே ஒப்புக்கொண்டது போலவும் அதைக் காட்டுவார்கள்.

மூன்று, கோபத்தில் பதிலுக்கு மிரட்டுவது. "உன்னை நான் பார்த்துக்கறேன்" என்று நீங்கள் சொன்னது மட்டும் அவர்கள் ரெக்கார்டிங்கில் இருக்கும்.

4. சேர்க்க வேண்டிய காகிதங்கள்

கடன் ஒப்பந்தம், அதில் கட்டண அட்டவணை இருக்கும் பக்கம். 2024 அக்டோபருக்குப் பின் வாங்கிய சில்லறைக் கடன் என்றால் கே.எஃப்.எஸ். என்ற முக்கிய விவரத்தாள் தந்திருக்க வேண்டும்; அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் ஒப்புதல் இல்லாமல் வாங்க முடியாது. என் கடன் அதற்கு முந்தையது. ஆனால் ஒப்பந்தத்தின் 14-ஆம் பக்கத்தில் பொடி எழுத்தில் அட்டவணை இருந்தது.

கடன் கணக்கு அறிக்கை, அதாவது லோன் ஸ்டேட்மென்ட். இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. கம்பெனி ஆப்பிலோ மெயிலிலோ கேளுங்கள். கூடவே தவணை போன எல்லா மாதத்துக்கும் உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட். இரண்டையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக டிக் அடியுங்கள்.

வந்த போன்களின் பட்டியல், ஸ்கிரீன்ஷாட், ரெக்கார்டிங். ரெக்கார்டிங்கை வெட்டாமல், அது பதிவான போனிலேயே வைத்திருங்கள். ஃபார்வர்ட் செய்த நகலை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். பணம் அனுப்பியிருந்தால் யு.பி.ஐ. ரெஃபரன்ஸ் எண்.

எனக்கு ஸ்டேட்மென்ட் வர 22 நாள் ஆனது. திறந்து பார்த்தபோது இருந்தது இதுதான்: பதினோராவது தவணை ஒருமுறை திரும்பியதற்கு 500-ம் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 590. அந்தத் தாமதத்துக்கு அபராதம் 214. பிறகு "ஃபீல்ட் விசிட்" என்று நான்கு வரி, ஒவ்வொன்றும் 1,180. மொத்தம் 5,524.

போனில் சொன்ன மூன்று தொகையில் ஒன்றுகூட இதோடு ஒத்துப்போகவில்லை. முதல் இரண்டும் நியாயமான கட்டணம். அந்த மாதம் எங்களுக்குச் சம்பளம் தாமதமானது, தவணை திரும்பியது எனக்கே நினைவுக்கு வந்தது. நான்கு விசிட்டுக்கு ஒரு ஆள்கூட எங்கள் வாசலில் வந்து நிற்கவில்லை. 14-ஆம் பக்க அட்டவணையில் அப்படி ஒரு கட்டணமும் இல்லை.

அபராதத்தைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2024 ஏப்ரலிலிருந்து தாமதத்துக்கு அபராத வட்டி என்று வட்டி விகிதத்தை ஏற்றக்கூடாது. தனிக் கட்டணமாகத்தான் போடலாம், அந்தக் கட்டணத்துக்கு மேல் வட்டியும் ஏற்றக்கூடாது.

5. எழுத்தில் புகார், பிறகு 30 நாள்

முதல் புகார் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குத்தான் போக வேண்டும். பெயரும் மெயிலும் கிளையில் ஒட்டியிருக்கும், இணையதளத்திலும் இருக்கும். மெயில் போதும், கூடவே ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பினேன், நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

மெயிலில் கோபத்தைக் கொட்டாதீர்கள். முதலில் கணக்கை எழுதுங்கள், நடத்தையைப் பிறகு எழுதுங்கள். நான் எழுதியதன் சாரம்: 590-ம் 214-ம் சேர்த்து 804-ஐ ஒப்புக்கொள்கிறேன். 4,720-க்கு ஒப்பந்தத்தில் எந்த ஷரத்து, எந்தத் தேதியில் யார் வந்தார் என்று காட்டவும். இன்ன தேதியில் உங்கள் ஆள் இந்த நம்பருக்கு வாங்கிய 2,000-ஐ வரவு வைக்கவும். இன்னின்ன நேரத்தில் வந்த அழைப்புகளின் பட்டியல் இணைப்பில். இதில் மிரட்டலைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி. மிரட்டலையே முதன்மையாக எழுதினால் "எங்கள் பிரதிநிதியின் நடத்தைக்கு வருந்துகிறோம்" என்று ஒரு பதில் வரும், கணக்கு அப்படியே இருக்கும்.

30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சி.எம்.எஸ். என்ற தளத்தில் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் ஒரு பைசா இல்லை. சந்தேகத்துக்கு 14448. கம்பெனிக்கு எழுதாமல் நேராக இங்கே வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வக்கீல் மூலமாகக் கொடுத்தாலும் எடுக்க மாட்டார்கள், நீங்களே கொடுக்க வேண்டும். அதே விஷயம் கோர்ட்டில் இருந்தாலும் ஏற்க மாட்டார்கள்.

நான் 34-ஆம் நாள் பதிவு செய்தேன். மூன்று வாரத்துக்குள் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. விசிட் கட்டணம் நான்கும் நீக்கம். ஆள் வாங்கிய 2,000-ல் 804 கழித்து 1,196 என் கணக்கில் ஏறியது.

6. போலீஸுக்குப் போக வேண்டிய கட்டம்

"கோர்ட்டுக்குப் போவோம்" என்பது சட்டப்படி குற்றமில்லை. போகும் உரிமை அவர்களுக்கு உண்டு. உடலுக்கோ, மானத்துக்கோ, சொத்துக்கோ கேடு செய்வேன் என்று பயமுறுத்துவது வேறு. பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 351-ஆம் பிரிவில் அது குற்றமுறு மிரட்டல். அப்படிப் பயமுறுத்திப் பணம் பறித்தால் 308. கெட்ட வார்த்தை, வீட்டில் கைகலப்பு, போட்டோவை மார்ஃப் செய்து தெரிந்தவர்களுக்கு அனுப்புவது, இதில் எது நடந்தாலும் 30 நாள் காத்திருக்க வேண்டாம். நேராக ஸ்டேஷன்; ஆன்லைன் கடன் ஆப் என்றால் 1930. புகாரை வாங்கிக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் வெளியே வராதீர்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவசம்.

7. முடிந்தபின் விட்டுவிடாதீர்கள்

நிலுவை இல்லை என்ற கடிதத்தையும், ஆட்சேபம் இல்லை என்ற சான்றான என்.ஓ.சி.யையும் வாங்குங்கள். முழுத் தொகையும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் தர வேண்டும், பதிவான அடமானத்தை நீக்கவும் வேண்டும்; தாமதம் அவர்களால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து விதி. "செட்டில்மென்ட்" என்று கடிதம் கொடுத்தால் வாங்காதீர்கள். பேரம் பேசிக் குறைத்துக் கட்டியதாக அது சிபிலில் ஏறும். "முழுமையாக முடிக்கப்பட்டது" என்றுதான் இருக்க வேண்டும்.

அடுத்து கிரெடிட் ரிப்போர்ட். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள். ஒவ்வொன்றிலும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம். தவறு இருந்தால் அந்தத் தளத்திலேயே ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். 30 நாளில் தீராவிட்டால் அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. என் ரிப்போர்ட்டில் அந்த 4,720 பாக்கி என்று இருந்தது. ஆட்சேபத்துக்குப் பின் 19-ஆம் நாள் போயிற்று.

வண்டிக் கடன் என்றால் கடைசி வேலை ஆர்.டி.ஓ.வில். நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35, என்.ஓ.சி., ஆர்.சி., இன்ஷூரன்ஸ் நகல் எல்லாவற்றையும் வைத்துப் பரிவாகன் தளத்தில் விண்ணப்பியுங்கள். என்.ஓ.சி. கைக்கு வந்த வாரமே செய்துவிடுங்கள். பீரோவில் வைத்து மறந்தால் பழைய தேதி என்று மறுபடி அலைய விடுவார்கள். ஆர்.சி.யில் அந்த நிறுவனத்தின் பெயர் நீங்கியிருக்கிறதா என்று எம்பரிவாகன் ஆப்பில் பார்த்து, அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து முதல் நாள் எழுதிய தாளோடு சேர்த்து வையுங்கள்.